பகலில் தூங்கிய கட்டி

இசக்கிராஜாவின் மூளையிலிருந்து வெட்டி எடுத்த சதைத்துண்டு, இசக்கிராஜாவுக்கு முன்பாகவே கதிர்வீச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அவர் மூன்றாம் மாடியில் தலைக்கட்டோடு படுத்திருந்தார். அது கீழே ஆய்வகத்தில், கண்ணாடித் தட்டின் குழிகளில், அப்பளத்தை விட மெல்லிய சீவல்களாகக் கிடந்தது. ஒரு சீவலுக்குக் கொஞ்சம், இன்னொன்றுக்கு அதிகம், ஒன்றுக்குக் காலையில், மற்றொன்றுக்கு மாலையில் என்று விதவிதமாகக் கதிரைக் காட்டி, எதற்கு மடிகிறது, எதற்கு மசியாமல் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். திருநெல்வேலியில் இருந்த அந்த ஆஸ்பத்திரியில் இதற்கு வெள்ளோட்டம் என்று பேர்.

டாக்டர் ஜெபசீலி அதை முதலில் விளக்கியபோது இசக்கிராஜாவின் மனைவி கோமதிக்குப் பாதிதான் புரிந்தது.

“முன்னாடியெல்லாம் எல்லாருக்கும் ஒரே கணக்குதான்மா. தினம் ஒரு வேளை, ஒரே அளவு, ஆறு வாரம். ரெடிமேட் சட்டை மாதிரி. சிலருக்குப் பொருந்தும், பலருக்குப் பொருந்தாது. இந்த ஜாதிக் கட்டி ரொம்பப் பொல்லாதது, ஒவ்வொருத்தர் தலையிலயும் ஒவ்வொரு குணத்தோட இருக்கும். அதனால இப்ப கட்டிகிட்டயே கேட்டுட்டு, அதுக்கு எது ஆகாதோ அதைக் கொடுக்கிறோம்.”

“கட்டி சொல்லுமா டாக்டரம்மா?”

“மனுஷங்களை விட ஒழுங்காச் சொல்லும்” என்றார் டாக்டர்.

இசக்கிராஜாவுக்கு மட்டும் இதெல்லாம் தெரியாது. அவரிடம் சொல்லப்பட்டிருந்தது, “நரம்புல சின்ன வீக்கம், எடுத்தாச்சு, இனி கொஞ்சம் கரண்டு வைப்பாவ, அவ்வளவுதான்” என்பது. அப்படிச் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தது கோமதியின் அண்ணன் செல்லத்துரை. தென்காசியில் சிமெண்டுக் கடை வைத்திருக்கிற மனிதர், நாலு பேரைத் தெரிந்தவர், தங்கச்சி புருஷனுக்காக வேலையைப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரியே கதி என்று கிடந்தார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. என்ன, வாயை மட்டும் அவரால் மூட முடியாது. நோயாளியோடு யார் கூட வருகிறாரோ அவர்தான் பேச வேண்டும் என்பது நம் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் எழுதாத சட்டம். டாக்டர் நோயாளியின் கண்ணைப் பார்த்து “ராத்திரி சாப்பிட்டீங்களா?” என்று கேட்டால், பக்கவாட்டிலிருந்து “மூணு இட்லி சாப்பிட்டாரு” என்று பதில் வரும். செல்லத்துரை அந்தச் சட்டத்தை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தார்.

தூக்கம் பற்றிக் கேட்டபோதும் அவர்தான் பேசினார். “பத்து மணிக்குப் படுத்தாருன்னா காலம்பற அஞ்சு மணிக்கு டாண்ணு எந்திரிச்சிருவாரு டாக்டர். வெத்தில பாக்குக் கூடப் போடமாட்டாரு. தங்கமான பழக்கம்.”

கோமதியும் தலையாட்டினாள். அவள் அறிந்தவரை அது உண்மைதான்.

அந்த வெள்ளிக்கிழமை மதியம் டாக்டர் இரண்டு பேரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். திங்கட்கிழமை கதிர் சிகிச்சை ஆரம்பிப்பதாக இருந்தது. உட்கார வைத்துவிட்டு அவர் சுற்றி வளைக்கவில்லை.

“இவர் ராத்திரி தூங்குறவர் இல்லையே?”

“யாரு சொன்னா?” என்றார் செல்லத்துரை.

“கட்டி சொல்லுது. இங்க பாருங்க.”

திரையில் ஒரு சீவலின் படம் ஓடியது. மூலையில் மணி ஓடிக்கொண்டிருந்தது. சாயங்காலம் ஆக ஆக அந்தச் சீவலில் பச்சையாக ஓர் ஒளி ஏறியது. விடிய விடிய மின்மினிப் பூச்சி மாதிரி மினுங்கியது. காலையில் மெல்ல அடங்கி, நடுப்பகலில் கரித்துண்டு போலக் கிடந்தது. மறுபடி சாயங்காலம், மறுபடி ஒளி. தன் புருஷனைக் கொல்லப் பார்க்கிற பொருள் இவ்வளவு அழகாக இருப்பதைப் பார்த்துக் கோமதிக்கு ஆத்திரமாக வந்தது.

“உடம்புல ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் ஒரு கடிகாரம் இருக்கும்மா. வெளியே எடுத்தாலும் கொஞ்ச நாளைக்கு அந்த உடம்போட பழைய நேரப்படியேதான் ஓடும். முழிச்சிருக்கிற நேரத்துல மினுங்குற மாதிரி ஒரு மருந்து கலந்திருக்கோம். இந்தக் கட்டி அசந்து தூங்குறப்ப கதிர் பட்டா, அப்புறம் எழுந்திரிக்கவே எழுந்திரிக்காது. கொஞ்சம் கொடுத்தாலே போதும், பக்கத்துல இருக்கிற நல்ல மூளைக்குச் சேதமில்லை. முழிச்சிருக்கிறப்ப கொடுத்தா அடிபட்ட இடத்தை அதுவே தைச்சுக்குது. அப்ப அளவைக் கூட்டணும்.”

“கூட்டுங்க” என்றார் செல்லத்துரை.

“கூட்டினா அவர் பேச்சு போயிரும். கட்டி இருந்த இடம் பேச்சு உற்பத்தியாகிற இடத்துக்கு அடுத்த வீடு. கூட்டலைன்னா ஆறே மாசத்துல திரும்ப வரும். அதனாலதான் அது தூங்குற நேரம் எதுன்னு எனக்குச் சரியாத் தெரியணும். நீங்க சொன்னதை வச்சு ராத்திரி ரெண்டு மணிக்குன்னு திட்டம் போட்டிருந்தோம். துண்டு நேர் எதிராச் சொல்லுது.”

“அப்ப துண்டு மாறிப் போயிருக்கும். வேற யாரோடதாவது.”

“அதைத்தான் முதல்ல பார்த்தேன். அவரோடதுதான். ஆனா வெளியே எடுத்த சதை அபூர்வமா நேரம் தவறிப் போறதும் உண்டு. ஒண்ணு, அப்படித் தவறியிருக்கணும். இல்ல, நீங்க சொன்னது தவறா இருக்கணும்.”

“ரத்தத்த எடுத்துப் பாத்தாத் தெரியாதா டாக்டரம்மா?” கோமதி அன்றைக்கு அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

டாக்டர் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். “நல்ல கேள்வி. ஆனா இப்ப தெரியாதும்மா. வீக்கத்துக்குக் கொடுக்கிற மாத்திரை ரத்தத்துல இருக்கிற கணக்கையெல்லாம் கலைச்சுரும். கட்டி பிடிவாதக்காரன், மாத்திரைக்கு மசியமாட்டான், பழைய நேரத்துலயே நிப்பான். இங்க வர்றதுக்கு முன்னாடி இவர் எப்ப தூங்கினார், எப்ப முழிச்சார்னு அவரே சொல்லணும்.”

“அவர்ட்ட ஒண்ணும் கேக்கப்படாது” என்று செல்லத்துரை எழுந்தே விட்டார். “எதுக்குக் கேக்கியன்னு தோண்டுவாரு. விசயம் தெரிஞ்சா அன்னைக்கே மனச விட்டுருவாரு. எங்க சித்தப்பா அப்படித்தான் போனாவ. ராத்திரி ஊர் சுத்துற ஆளா அவரு? எங்க குடும்பத்துல அப்படி ஒருத்தனுக்குப் பொண்ணு குடுப்போமா?”

வராந்தாவுக்கு வந்ததும் கோமதி மெல்லச் சொன்னாள். “அண்ணே, அவிய ராத்திரி பஸ் ஓட்டினவியதானே?”

“அது பழைய கத. இப்பப் பகல் டூட்டி. ராத்திரி உன் பக்கத்துலதானே படுக்காரு?”

“ஆமா.”

சொல்லிவிட்டாள், ஆனால் அந்த ஆமா அவளுக்கே நொண்டியடித்தது.

இசக்கிராஜா இருபது வருடம் தென்காசிக்கும் சென்னைக்கும் ஆம்னி பஸ் ஓட்டியவர். கல்யாணமான புதிதிலிருந்தே கோமதிக்கு ராத்திரி என்றால் தலையணைக்குப் பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு விட்டத்தைப் பார்ப்பதுதான். வண்டி பெருங்களத்தூர் தாண்டிவிட்டது என்று சேதி வந்த பிறகுதான் கண்ணை மூடுவாள், அதற்குள் விடிந்துவிடும். பிறகு ஓட்டுநரில்லாமல் தானே ஓடும் பேருந்துகள் வந்தன. ஓட்டுநர் இருக்கை இருந்த இடத்தில் இன்னொரு படுக்கை போட்டார்கள். முதலாளி பழைய விசுவாசத்துக்காக இசக்கிராஜாவை வெளியே அனுப்பாமல், ஷெட்டில் வண்டி பார்க்கும் பகல் வேலை கொடுத்தார். எல்லா ஓட்டுநர் வீட்டிலும் இழவு விழுந்த மாதிரி இருந்தபோது கோமதி மட்டும் பாயசம் வைத்தாள். வெளியே சொல்லிக்கொள்ளவில்லை.

அன்றிலிருந்து இரண்டு வருடமாக அவள் தூங்கிய தூக்கம், இடி விழுந்தாலும் எழாத தூக்கம். அதுதான் இப்போது உறுத்தியது. தான் கட்டை மாதிரிக் கிடந்த நேரத்தில் இந்த மனிதர் எழுந்து எங்கே போனார்? எந்த வீட்டுக்கு? நினைக்கக் கூடாததை எல்லாம் நினைத்தாள். தலையில் கட்டுப் போட்டுச் சாவோடு மல்லுக்கு நிற்கிறவர் மேல் சந்தேகப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. ஆனால் வெட்கப்பட்டுக்கொண்டு வாயை மூடினால் திங்கட்கிழமை தப்பான நேரத்தில் கதிர் பாயும். வேறொரு பெண் இருந்தாலும் இருந்துவிட்டுப் போகட்டும், ஆள் பேச்சோடு உயிரோடு இருக்கட்டும் என்று முடிவுக்கு வந்தபோது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

“எங்க போற?” என்றார் செல்லத்துரை.

“கேக்கப் போறேன்.”

“கோமதி, சொன்னாக் கேளு.”

“இவ்வளவு நாளும் கேட்டேன்லா அண்ணே” என்று சொல்லிவிட்டு அவள் படியேறினாள்.

மதியம் மூன்று மணிக்கு இசக்கிராஜா அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். மாத்திரை மயக்கம் என்று நர்ஸ்கள் சொல்லியிருந்தார்கள். தோளைத் தொட்டு எழுப்பினாள். அவருக்குப் பேச்சு திக்கித் திக்கித்தான் வரும். வார்த்தை மாறியும் வரும். அதனால் நோய் கண்டதிலிருந்தே பேச்சையே குறைத்துக்கொண்டிருந்தார்.

“ராத்திரி நான் தூங்கினப் பொறவு நீங்க எங்க போவிய?”

அவர் மலங்க மலங்க விழித்தார். “நானா? எங்கயும்... போகலயே.”

“பொய் சொல்லாதிய. ராத்திரி நீங்க தூங்குததில்லன்னு தெரிஞ்சு போச்சு. யாராயிருந்தாலும் பரவாயில்ல, நான் சண்ட போடமாட்டேன். எங்க போவிய?”

இசக்கிராஜாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் தலைக்கட்டு குலுங்கச் சிரித்தார். சிரிப்பு அடங்கி, வார்த்தைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துச் சொன்னார்.

“உன் பக்கத்துலதான் கோமு. கண்ண மூடிட்டு... கெடப்பேன்.”

“தூங்காமயா?”

“வரல. இருவது வருசம்... முழிச்ச கண்ணு. பத்து மணி ஆனா அதுக்கு அப்பத்தான் விடியும். மனசுக்குள்ள வண்டிய எடுப்பேன். சங்கரங்கோயில், ராஜபாளையம், மதுர. மேலூர் தாண்டி டீக்கு நிறுத்துவேன். பெரம்பலூர்... உளுந்தூர்பேட்ட. செங்கல்பட்டு வரும்போது சேவல் கூவும். எந்திரிச்சிருவேன்.”

“எந்திரிச்சு உக்கார வேண்டியதுதான? டிவி பாக்க வேண்டியதுதான?”

“நான் அசைஞ்சா நீ முழிச்சிருவ. கல்யாணம் ஆன நாள்லேருந்து நீ தூங்கி நான் பாத்ததில்ல. இந்த ரெண்டு வருசந்தான்... வாயப் பொளந்துட்டுத் தூங்குத. அதக் கெடுக்கச் சொல்லுதியா?”

கோமதிக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. “அப்ப எப்பத்தான் தூங்குவிய?”

“ஷெட்டுல. ஓடாத வண்டி ஒண்ணு கெடக்கு. கீழ் பெர்த்துல ஏறிப் படுத்தா... சாயங்காலம் ஷெட்டுப் பயலுவ எழுப்பி விடுவானுவ. அங்கதான் பஸ் வாசம் இருக்கும், நல்லாத் தூக்கம் வரும்.” அவர் சட்டென்று நிறுத்தினார். முகம் மாறியது. “தூக்கத்தப் பத்தி எதுக்கு விசாரிக்காவ கோமு? தூங்காம இருந்ததாலதான்... எனக்கு இப்படி ஆயிட்டா?”

“எப்படி?”

அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

கோமதி இறங்கி ஓடினாள். டாக்டர் முழுவதையும் கேட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“நல்ல வேளைம்மா. ராத்திரி ரெண்டு மணிக்கு அவரை மேஜையில ஏத்தியிருந்தா, நல்லா முழிச்சிருக்கிற கட்டி மேல கதிரைக் காட்டியிருப்பேன். இனி மத்தியானம் பன்னெண்டரை. அது ஒண்ணும் அசையாது.” பிறகு செல்லத்துரையைப் பார்த்தார். “ஆனா அவர்கிட்டச் சொல்லாம நான் மெஷினைத் தொடமாட்டேன். உங்க வீட்டுல எல்லாரும் ஒருத்தர் மேல ஒருத்தர் வச்ச பாசத்துல பொய் சொல்லியிருக்கீங்க. யார் மேலயும் பாசமே இல்லாதது அந்தத் துண்டு ஒண்ணுதான். அதுதான் உண்மையைச் சொல்லிச்சு. எல்லாச் சீவலும் செலவாயிருச்சு, இனிமே கேட்டாலும் சொல்லாது.”

இசக்கிராஜா பிழைத்துக்கொண்டார் என்பதை இந்த இடத்திலேயே சொல்லிவிடலாம். அதை ஒளித்து வைத்து ஆள்களைத் தவிக்க விடுவதில் என்ன இருக்கிறது? ஆறு வாரம் நடுப்பகலில் கதிர் கொடுத்தார்கள். மெஷின்காரர்கள் சாப்பாட்டு நேரம் தள்ளிப்போகிறது என்று முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார்கள். ராத்திரி விழித்திருக்க வேண்டும், பகலில் தூங்க வேண்டும் என்பதையே டாக்டர் மருந்துச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். ஊர் உலகத்தில் யாருக்கும் கிடைக்காத அந்த மருந்தை இசக்கிராஜா ஒரு வேளை தவறாமல் சாப்பிட்டார். வருடம் திரும்பி எடுத்த ஸ்கேனில் ஒரு தழும்பு மட்டும் இருந்தது. பேச்சு வந்துவிட்டது. புடலங்காய்க்கும் பீர்க்கங்காய்க்கும் மட்டும் இன்றுவரை தகராறு.

ஆனால் அந்த வீட்டுக்கு நிம்மதி வந்தது ஸ்கேனில் இல்லை. அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலமே வந்துவிட்டது.

டாக்டர் தானே வந்து சொல்வதாகச் சொன்னார். கோமதி வேண்டாம் என்றாள். “நாங்க மறைச்சது, நாங்களே சொல்லுதோம் டாக்டரம்மா. நீங்க வாசப்பக்கம் நில்லுங்க, போதும்.” செல்லத்துரையும் வருவதாகத்தான் கிளம்பினார். வார்டு வாசல்வரை வந்தார். பேச்சுக்கு அஞ்சாத மனிதர், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றுவிட்டார்.

இசக்கிராஜா விழித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கோமதி கட்டிலிலேயே உட்கார்ந்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று படியேறும்போது யோசித்து வைத்ததெல்லாம் மறந்துபோய்விட்டது.

“உங்களுக்கு வந்தது வீக்கம் இல்ல” என்றாள். “கட்டி. மூளையில. கேன்சர் கட்டி. நல்ல கட்டியும் இல்ல, பொல்லாத கட்டின்னு சொல்லுதாவ. வெட்டி எடுத்தாச்சு. மிச்சம் மீதி இருக்கும், அதக் கதிர் வச்சுப் பொசுக்கணும். அது பேச்சுக்குப் பக்கத்துல இருக்கதாலதான் உங்களுக்கு வார்த்த மாறுது. உங்கட்ட மறைச்சிட்டோம். தப்புதான்.”

ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, வரப்போவதைத் தாங்கிக்கொள்ளக் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

 அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். 

“வார்த்த மாறுதது... கட்டியாலயா?”

“ஆமா.”

“அப்ப எனக்குக் கிறுக்கு இல்லயா?”

“என்னது?”

“கிறுக்கு. புத்தி... பெரண்டு போறது. அன்னைக்குத் தண்ணி கேக்கதுக்குச் சாவி குடுன்னு கேட்டேன். கேட்ட எனக்கே தெரியுது தப்புன்னு. நீ ஒண்ணும் சொல்லல. சிரிக்கவும் இல்ல. பேசாம தண்ணியக் குடுத்த. மச்சானும் அப்படித்தான். நான் என்ன ஒளறினாலும் ஆமா ஆமாங்காரு. கிறுக்கன்ட்டதான்... யாரும் எதுத்துப் பேசமாட்டாவ. நரம்புங்கிய, கரண்டு வைக்கணுங்கிய, வெளிய போய்க் குசுகுசுன்னு பேசுதிய. சரி, நமக்கு மறை கழண்டு போச்சு, மறைக்காவன்னு... ரெண்டு மாசமா வாயப் பொத்திட்டுக் கெடந்தேன். பேசினா இன்னும் தெரிஞ்சிரும்லா.”

 அவர் பயந்துவிடக் கூடாது என்று வீடே சேர்ந்து ஊமையாக நடித்த இரண்டு மாதமும் அந்த மனிதர், கேன்சரை விடப் பெரிய ஒன்றுக்குத் தனியாகப் படுத்துக்கொண்டு பயந்திருக்கிறார். இனி இவர் சாவி என்று கேட்டால் தண்ணீர்தான் என்று நூறு தடவை வேண்டுமானாலும் சொல்ல வேண்டும், சண்டை போட்டாவது சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது.  அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். அவர் முதுகைத் தட்டிக் கொடுத்தார், அவளுக்குத்தான் ஏதோ நோய் மாதிரி.

அப்போதுதான் வாசலில் நிற்கிற செல்லத்துரையை அவர் பார்த்தார். பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. இரண்டு மாதமாகக் காணாமல் போயிருந்த பழைய டிரைவர் குரல், திக்காமல் திணறாமல், வார்டு முழுக்கக் கேட்கும்படி கணீரென்று வந்தது.

“மச்சான், எனக்குக் கிறுக்கு இல்லயாம்! கேன்சராம்!”

பிள்ளை பாஸான சேதியைச் சொல்கிற மாதிரிச் சொன்னார். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். செல்லத்துரை பதில் சொல்ல வாயைத் திறந்தார், ஒன்றும் வராமல் அப்படியே கதவோரம் உட்கார்ந்து குலுங்கி அழுதார். டாக்டர் ஜெபசீலி குனிந்து அவர் தோளைத் தொட்டபோது, இசக்கிராஜா உள்ளேயிருந்து, “அவர விடுங்க டாக்டரம்மா, எங்கிட்டக் கேளுங்க, நான் சொல்லுதேன்” என்றார்.